புளிப்புச் செர்ரி கேட்பவர்களுக்குக் களாக்காய்

அத்தியாயம் 9

மதுரை சிம்மக்கல்லில் ஏதாவது ஒரு பேக்கரியில் கிரீம் கேக் ஒன்று வாங்குங்கள். அதன் உச்சியில் பளபளவென்று இருக்கும் சிவப்புச் செர்ரியை மட்டும் எடுத்து, பிட்டுப் பாருங்கள். நம் நாட்டு பேக்கரிகளில் செர்ரி என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி செர்ரி அல்ல, களாக்காய். விதையை எடுத்துவிட்டு, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சிவப்புச் சாயம் ஏற்றிய களாக்காய். பன்னுக்குள் கிடக்கும் டூட்டி ஃப்ரூட்டி பச்சைப் பப்பாளியில் செய்யப்படுவது மாதிரிதான் இதுவும்.

"புளிப்புச் செர்ரி சாப்பிட்டால் மூட்டு வலி குறையுமாமே, நல்லா தூக்கம் வருமாமே, நம்ம ஊரில் எங்கே கிடைக்கும்?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். புளிப்புச் செர்ரி குளிர்நாட்டு மரம். துருக்கி, போலந்து, ரஷ்யா, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் ஆகிய இடங்களில் விளைகிறது. குளிர்காலத்தில் பல வாரங்கள் கடுங்குளிர் பட்டால்தான் அது பூக்கும். வைகைக் கரை வெயிலில் அது வளராது. மே, ஜூன் மாதங்களில் பழக்கடைகளில் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வருகிற காஷ்மீர், இமாச்சலச் செர்ரி இனிப்புச் செர்ரி. அது வேறு இனம். எனவே இந்த அத்தியாயம், கிடைக்காததைத் தேடாமல் நம் மண்ணில் முள்வேலியாகவே வளர்கிற புளிப்புப் பழத்தை வாங்கி, சுத்தம் செய்து, கெடாமல் வைத்து, உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் அளவில் சாப்பிடுவது எப்படி என்று சொல்கிறது.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

இந்தப் பகுதி சிறியது. ஆனால் தாண்டிப் போகாதீர்கள்.

புளிப்புச் செர்ரி பற்றிச் சொல்லப்படுபவை வெறும் புரளி அல்ல. 2010இல் லண்டன் மாரத்தான் ஓடிய 20 பேரிடம் நடந்த ஆய்வில், செர்ரிச் சாறு குடித்தவர்களின் தசை பலம் விரைவாகத் திரும்பியது. 2012இல் 20 பேருக்கு ஒரு வாரம் அந்தச் சாற்றைக் கொடுத்தபோது தூங்கும் நேரம் கூடியது. அதே 2012இல் அமெரிக்காவில் கவுட் எனும் யூரிக் அமில மூட்டு நோய் உள்ள 633 பேரைக் கவனித்ததில், செர்ரி சாப்பிட்ட நாட்களை ஒட்டி வலி தாக்குவது 35 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. முதல் இரண்டும் மிகச் சிறிய ஆய்வுகள். மூன்றாவது, செர்ரிதான் காரணம் என்று நிரூபிக்கும் வகையான ஆய்வு அல்ல. மூன்றுமே செர்ரியில் நடந்தவை. களாக்காயில் நடந்தவை அல்ல. அதனால் "களாக்காய் தின்றால் கவுட் போகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கவுட் மாத்திரை சாப்பிடுபவர் எந்தப் பழத்துக்காகவும் அதை நிறுத்தக் கூடாது.

களாக்காயில் உறுதியாகக் கிடைப்பது என்ன? வைட்டமின் சி கொஞ்சம் இருக்கிறது. நெல்லிக்காய் அளவுக்கு இல்லை. பெக்டின் என்கிற கரையும் நார்ச்சத்து நிறைய. ஜெல்லி நன்றாக உறைவது அதனால்தான். நன்றாகப் பழுத்துக் கறுத்த பழத்தில், செர்ரிக்குச் சிவப்பைத் தருகிற அதே ஆந்தோசயனின் வகை நிறமி இருக்கிறது. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. புளிப்பு இருந்தால் பருப்பும் கீரையும் ருசிக்கும். ருசித்தால் வீட்டில் எல்லோரும் கீரை சாப்பிடுவார்கள். வைட்டமின் சி உள்ள புளிப்பு, கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவும். "களாக்காய் ரத்தம் ஊறவைக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதை இந்த அளவில் எடுத்துக்கொள்ளலாம். ரத்தசோகைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் மாத்திரையும் வேண்டும், களாக்காயும் இருக்கலாம்.

எப்போது, எங்கே வாங்குவது

களாச்செடி கோடையில் காய்க்கத் தொடங்கும். மே மாதக் கடைசியிலிருந்து ஆவணி வரை பச்சைக் காயும் செங்காயும் பழமும் முன்பின்னாக வரும். சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்திலிருந்து யானைக்கல் பக்கம் நடந்தால் பழக்கடைகள் வரிசையாக இருக்கும். ஆனால் களாக்காயைப் பெரிய கடையில் தேடாதீர்கள். அது சாக்கை விரித்துக் கூறு கட்டி விற்கும் பாட்டிமாரிடமும், நாவல்பழம், இலந்தை, கொடுக்காப்புளி விற்கும் கூடைக்காரர்களிடமும்தான் வரும். அண்ணா நகர் உழவர் சந்தையிலும் சீசனில் பார்க்கலாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான்; 1999 நவம்பர் 14இல் திறந்தார்கள். அழகர்கோவில் போகிறவர்கள் திரும்பும்போது ஒரு கண் வையுங்கள். அந்த மலையடிவாரப் புதர்க்காட்டில் களாவும் அதன் தம்பியான சிறுகளாவும் தானாகவே வளர்கின்றன.

வாங்கும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி.

"ஆத்தா, காய் என்னைக்குப் பறிச்சது?"

"காலைல பறிச்சதுய்யா, காம்பைப் பாரு."

அவர் சொன்னது சரி. பதில் காம்பில் இருக்கிறது. காம்பு பச்சையாக இருந்து, கிள்ளினால் வெள்ளைப் பால் கசிந்தால் அன்று பறித்தது. காம்பு காய்ந்து பழுப்பாகி, பால் வராவிட்டால் இரண்டு மூன்று நாள் ஆனது. ஊறுகாய்க்குப் புதுக்காய்தான் வேண்டும். சர்பத்துக்கு ஒரு நாள் பழையது பரவாயில்லை.

எதற்கு எந்தப் பருவம்:

1. முழுப் பச்சைக் காய்: கல்போல இருக்கும். உப்பில் ஊறவைக்க, ஊறுகாய் போட.
2. ஒரு பக்கம் ரோஜா நிறம் ஏறிய செங்காய்: பாகில் ஊறவைக்க, பருப்பில் போட.
3. கருஞ்சிவப்பு தாண்டிக் கறுத்த பழம்: அப்படியே சாப்பிட, சர்பத்துக்கு. விரலால் அழுத்தினால் மெதுவாக அமுங்க வேண்டும். வடிந்து ஒழுகினால் வேண்டாம்.

குறிப்பு: முதல் முறைக்கு அரைக் கிலோ போதும். எண்ணிக்கையில் நூறு, நூற்றைம்பது காய் வரும். விதை எடுக்க உட்காரும்போது அது எவ்வளவு என்று தெரியும்.

பாலை எடுப்பது

களாக்காயில் தோற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். ஒரு பச்சைக் காயைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பாருங்கள். வெட்டுவாயின் ஓரத்தில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக முளைக்கும். ஒரு நிமிடத்தில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து வளையமாகும். தொட்டால் விரலோடு விரல் ஒட்டும். காய்ந்தால் பழுப்புப் பிசினாகி, சோப்புக்கும் அசையாது. அந்தப் பால் கறிக்குள் போனால் தொண்டையில் கரகரப்பும் துவர்ப்பும் தங்கிவிடும். "களாக்காய் எங்க வீட்டில் யாருக்கும் பிடிக்காது" என்று சொல்பவர்களின் வீட்டில் பால் எடுக்காமல் சமைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

செய்முறை:

1. காம்பை வெட்டாமல் காயை இரண்டு முறை தண்ணீரில் கழுவுங்கள். மண்ணும் தூசியும் முதலில் போகட்டும். பால் வந்த பிறகு கழுவினால் தூசி ஒட்டிக்கொள்ளும்.
2. இரண்டு கைகளிலும், கத்தியிலும், பலகையிலும் நல்லெண்ணெய் தடவுங்கள். பிசின் ஒட்டாது.
3. அகலமான பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி கல்லுப்பு போட்டுக் கரைத்துப் பக்கத்தில் வையுங்கள்.
4. காம்பைக் கிள்ளி, காயை நீளவாக்கில் ஒரு கீறு கீறி, உடனே உப்புத் தண்ணீரில் போடுங்கள். காற்றில் விடாதீர்கள்.
5. கடைசிக் காய் போட்டதிலிருந்து 2 மணி நேரம் ஊறட்டும். இடையில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள்.
6. வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள்.
7. விதை எடுக்க வேண்டுமென்றால், இந்த நிலையில் கொண்டை ஊசியின் வளைந்த முனையைக் கீறலுக்குள் விட்டுச் சுழற்றுங்கள். சின்னத் தட்டை விதைகள் மூன்று நான்கு வெளியே வரும்.

பாத்திரத்தில் பிசின் படிந்துவிட்டால் நாரால் சுரண்ட வேண்டாம். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள்.

எவர்சில்வர், மண்சட்டி, கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றில் மட்டும் செய்யுங்கள். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் இவ்வளவு புளிப்பை வைத்தால் உலோகம் கரைந்து உணவில் இறங்கும். அலுமினியச் சட்டியும் வேண்டாம். காயின் நிறமும் கெடும்.

உப்புக் களாக்காய்: எளிதானது, முதலில் செய்ய வேண்டியது

பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தின்ற ருசி வேண்டுமென்றால் இதுதான் வழி. அடுப்பு வேலை ஐந்து நிமிடம்.

தேவை: பால் எடுத்துக் கீறிய பச்சைக் களாக்காய் அரைக் கிலோ, தண்ணீர் 1 லிட்டர், கல்லுப்பு 100 கிராம், மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கீறிய பச்சை மிளகாய் 6.

1. தண்ணீரில் உப்பும் மஞ்சளும் போட்டு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். முழுதாக ஆறட்டும். சூடாக ஊற்றினால் காய் வெந்து தொளதொளத்துவிடும்.
2. கண்ணாடி ஜாடியையும் மூடியையும் வெந்நீரில் கழுவி, வெயிலில் ஈரமில்லாமல் காயவையுங்கள்.
3. காயையும் மிளகாயையும் போட்டு, ஆறிய உப்புத் தண்ணீரை மூழ்கும்படி ஊற்றுங்கள்.
4. காய் மிதக்கும். வெந்நீரில் கழுவிய சின்னக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள். தண்ணீருக்கு மேலே தலைகாட்டும் காயில்தான் பூஞ்சை பிடிக்கும்.
5. நிழலில் 5 நாள். பச்சை நிறம் போய் ஆலிவ் நிறம் வந்தால் ஊறிவிட்டது.
6. பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

நான் போட்ட முதல் ஜாடி ஒன்பதாம் நாள் வெள்ளையாகப் படலம் கட்டி, வாடை அடித்துப் போனது. கழுவிய ஜாடியைத் துணியால் துடைத்தது போதும் என்று நினைத்திருந்தேன். அடியில் இருந்த ஈரம் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து வெயிலில் வைக்காத ஜாடியில் எதையும் போடுவதில்லை. நூலிழை போன்ற பூஞ்சையோ, பச்சை, கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் மேலாக வழித்து எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடாதீர்கள். முழு ஜாடியையும் கொட்டுங்கள். அரைக் கிலோ காயைவிட வயிறு பெரிது.

ஊறுகாய்

மாங்காய் ஊறுகாய் போடத் தெரிந்தவர் இதையும் போட்டுவிடுவார். அளவு மட்டும் சொல்கிறேன்: விதை எடுத்த களாக்காய் அரைக் கிலோ, உப்பு 75 கிராம், மிளகாய்த்தூள் 40 கிராம், வறுத்துப் பொடித்த வெந்தயம் 1 தேக்கரண்டி, பெருங்காயம் அரைத் தேக்கரண்டி, கடுகு 1 தேக்கரண்டி, நல்லெண்ணெய் 200 மில்லி.

1. காயைத் துணியில் பரப்பி, ஈரம் போக மூன்று மணி நேரம் வெயிலில் காயவையுங்கள்.
2. உப்பைப் பிசறி ஒரு இரவு மூடி வையுங்கள். தண்ணீர் விடும். அதைக் கொட்ட வேண்டாம்.
3. எண்ணெயைக் காயவைத்து, கடுகு வெடித்ததும் பெருங்காயம் போட்டு, தீயைக் குறைத்து, காயை உப்புத் தண்ணீரோடு சேருங்கள். ஐந்து நிமிடம் வதக்கினால் போதும்.
4. அடுப்பை அணைத்துவிட்டு மிளகாய்த்தூளும் வெந்தயப்பொடியும் சேருங்கள். அடுப்பில் இருக்கும்போதே மிளகாய்த்தூள் போட்டால் கருகிக் கசக்கும்.
5. ஆறியதும் ஜாடியில் அடைத்து, மேலே அரை விரற்கடை எண்ணெய் நிற்கும்படி பாருங்கள். நிற்காவிட்டால் எண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள்.

புளியோ எலுமிச்சையோ வினிகரோ தேவையில்லை. களாக்காயின் புளிப்பே போதும். சேர்த்தால் நாக்கு தாங்காது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறுகாயையும் உப்புக் களாக்காயையும் ஆரோக்கிய உணவு என்று எண்ணிச் சாப்பிடாதீர்கள். அவர்களுக்கு ஏற்றது அடுத்து வரும் பருப்பு.

தினச் சமையலில்

உடல்நலத்துக்காகக் களாக்காய் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் கூடாமல், காய் மட்டும் உணவில் சேரும் வழி இது.

1. ஒரு ஆழாக்கு துவரம்பருப்பைக் குழைய வேகவையுங்கள்.
2. பால் எடுத்து விதை நீக்கிய செங்காய் பத்துப் பன்னிரண்டைத் தனியாக, கொஞ்சம் தண்ணீரில் எட்டு நிமிடம் வேகவைத்து மசியுங்கள். பருப்போடு ஆரம்பத்திலேயே போட்டால் புளிப்பில் பருப்பு வேகாது. இந்தத் தவறைப் பலர் செய்கிறார்கள்.
3. வெந்த பருப்பில் காயைச் சேர்த்து, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போட்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள்.
4. சீரகம், பூண்டு, வரமிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். ருசி பார்த்த பிறகு உப்புப் போடுங்கள்; புளிப்பு இருப்பதால் வழக்கத்தைவிடக் குறைவாகவே தேவைப்படும்.

சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். டீ, கீரையின் இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும்.

சாயமில்லாத செர்ரி

கடையில் விற்கும் சிவப்புச் செர்ரியில் இருப்பது உணவுக்கு அனுமதிக்கப்பட்ட சாயமாகவே இருக்கலாம். ஆனால் களாக்காய்க்குத் தன் சொந்தச் சிவப்பு உண்டு. செங்காயும் பழமும் கலந்து எடுத்தால் பாகு தானே மாதுளை நிறம் பிடிக்கும். பிறந்தநாள் கேக்குக்கு வீட்டுப் பிள்ளைகளை வைத்தே செய்யலாம். ஐந்து நாள் வேலை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்.

தேவை: விதை எடுத்த செங்காய் 350 கிராம், கறுத்த பழம் 50 கிராம், சர்க்கரை 500 கிராம், தண்ணீர் 400 மில்லி.

1. முதல் நாள்: காயைக் கொதிக்கும் தண்ணீரில் 3 நிமிடம் போட்டு வடித்துவிடுங்கள். 400 மில்லி தண்ணீரில் 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் கொதிக்கவைத்து, கறுத்த பழத்தை அதில் நசுக்கிப் போட்டு வடிகட்டுங்கள். காயை அந்தப் பாகில் போட்டு மூடி வையுங்கள்.
2. இரண்டாம் நாள்: காயை வடித்தெடுத்து, பாகை மட்டும் 100 கிராம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, மறுபடி காய் மேல் ஊற்றுங்கள்.
3. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் இதே போல நூறு நூறு கிராம்.
4. ஐந்தாம் நாள்: சர்க்கரை சேர்க்காமல், பாகை ஒற்றைக் கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சி ஊற்றுங்கள். ஆறியதும் ஜாடியில் அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஐந்து நாள் எதற்கு, ஒரே நாளில் கெட்டிப் பாகில் போட்டால் என்ன என்று தோன்றும். போட்டுப் பாருங்கள்; காய் சுண்டைவற்றல் மாதிரி சுருங்கிவிடும். கெட்டிப் பாகு காய்க்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும் வேகத்துக்குச் சர்க்கரை உள்ளே போகாது. நாளுக்கு நாள் பாகைக் கெட்டியாக்கினால் காய் உருண்டையாகவே நின்று, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். ஐந்தாம் நாள் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் விதை இருந்த குழி நிழலாகத் தெரியும்; சுற்றிலும் சிவப்புக் கல் பதித்த மாதிரி இருக்கும்.

பாகு தீயில் இருக்கும்போது சிறு பிள்ளைகள் அடுப்பருகே வேண்டாம். பாகு தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். வெந்நீர்க் காயத்தைவிட ஆழமாகும். பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். மாவோ பற்பசையோ தடவாதீர்கள்.

இது தின்பண்டம். சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் பங்கு இல்லை. செர்ரியின் நன்மை இதில் கிடைக்கும் என்று எண்ணி யாரும் தினமும் சாப்பிட வேண்டாம்.

பழத்தை அப்படியே சாப்பிட

1. நன்றாகக் கறுத்த பழத்தைக் கழுவி, காம்பு இருந்த இடத்தில் கிள்ளி, வரும் பாலைத் துடைத்துவிடுங்கள்.
2. ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் பழம் போதும். முதல் நாள் நான்கோடு நிறுத்தி, வயிறு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.
3. சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் தின்றால் நெஞ்செரிச்சல் வரும். அல்சர் உள்ளவர்கள் தவிர்க்கலாம்.
4. சாப்பிட்டதும் வாயைத் தண்ணீரில் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்காதீர்கள். புளிப்பில் பல்லின் மேல்பூச்சு இளகியிருக்கும்போது பிரஷ் போட்டால் தேயும். அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.
5. சிறுநீரக நோய்க்கு உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு முழுப் பழத்தைக் கையில் கொடுக்காதீர்கள். விதை எடுத்து, பிய்த்துக் கொடுங்கள்.

கட்டாயம் படிக்க வேண்டியது: அரளியும் களாவும் ஒரே குடும்பம்

களாவைச் சாப்பிட வேண்டும் என்று இவ்வளவு தூரம் சொல்லிவிட்டதால், இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்ல வேண்டியவன் ஆகிறேன். தாவரக் குடும்பப்படி களாவுக்கு அரளி நெருங்கிய சொந்தம். இரண்டிலும் வெள்ளைப் பால் வரும். மதுரையில் தெருவுக்குத் தெரு, கோயில் நந்தவனம், சாலை நடுவே, பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரம் என்று மஞ்சள் அரளி நிற்கிறது. அதன் பச்சைக் காயில் உள்ள விதை இதயத்துடிப்பைக் குலைக்கும் கொடிய விஷம். வித்தியாசம் இதுதான்:

1. களாச்செடியில் கூரிய முள் இருக்கும். பல இடங்களில் இரண்டாகப் பிரிந்திருக்கும். அரளியில் முள்ளே கிடையாது.
2. களா இலை அகலமான நீள்வட்டம், தோல்போலத் தடித்தது. மஞ்சள் அரளி இலை நீண்டு ஒடுங்கி, கத்தி போல இருக்கும்.
3. களாப்பூ சிறியது, வெள்ளை, மல்லிகை மாதிரி வாசம். மஞ்சள் அரளிப்பூ பெரிய மஞ்சள் மணி.
4. களாக்காய் சுண்டுவிரல் நுனி அளவு, கொத்துக் கொத்தாக. அரளிக்காய் பெரியது, நடுவில் விளிம்பு எழும்பி முக்கோணம் போலத் தெரியும், உள்ளே ஒரே பெரிய கடினக் கொட்டை.

பிள்ளைகளுக்கு ஒரே விதி சொல்லிக் கொடுங்கள்: முள் இல்லாத செடியில் பால் வடிகிற காயை வாயில் வைக்கக் கூடாது. யாராவது அரளிக்காய் தின்றுவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்கவோ, மோர், உப்புத் தண்ணீர் கொடுக்கவோ நேரத்தைச் செலவிடாதீர்கள். 108க்கு அழையுங்கள். சிம்மக்கல்லிலிருந்து ஆற்றைத் தாண்டினால் அரசு இராஜாஜி மருத்துவமனை. தின்ற காயின் மீதியைக் கையோடு கொண்டு போங்கள். ஆள் தெளிவாக இருக்கிறார் என்று வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. நாடி குலைவது சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

களாவிலும் பழத்தையும் காயையும் மட்டும் சாப்பிடுங்கள். இலை, பட்டை, வேர் ஆகியவற்றைக் கஷாயம் வைக்காதீர்கள். வேரில் இதயத்தைப் பாதிக்கும் பொருட்கள் உண்டு.

பறிக்கப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டு, தடித்த செருப்பு அணியுங்கள். களா முள் ஆழமாக இறங்கும். மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும். முள் ஏறினால் சோப்புப் போட்டுக் கழுவி, முனை உள்ளே ஒடிந்ததா என்று பாருங்கள். கடைசியாக டி.டி. ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் காட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு செடி வைக்க

மதுரைச் சமவெளிக்கு இதைவிடப் பொருத்தமான பழச்செடி குறைவு. தண்ணீர் கேட்காது, ஆடு கடிக்காது, செம்மண்ணோ சரளையோ பாகுபாடு பார்க்காது. பழத்திலிருந்து எடுத்த விதையைக் கழுவி, காயப்போட்டு வைக்காமல் அந்த வாரமே ஊன்றுங்கள். பழைய விதை முளைப்பது அரிது. பையில் ஒரு அடி வளர்ந்ததும் ஐப்பசி மழையில் நடுங்கள்; வேலிக்கு 3 அடிக்கு ஒன்று. முதல் கோடைக்கு மட்டும் வாரம் இரண்டு தடவை தண்ணீர். இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும். மாடியில் வைக்க ஆசைப்பட்டால் பெரிய தொட்டியில் வைக்கலாம். ஆனால் பிள்ளைகள் ஓடியாடும் மாடிக்கு முள் ஆகாது.

இவ்வளவு எளிய செடிக்கு மதிப்பு இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. கையில் கிடைத்த களாக்காயைக் கிடைக்கப்போகும் பலாக்காயோடு ஒப்பிடும் பழமொழியில் மட்டும்தான் இன்றைக்குப் பலருக்கு அதன் பெயர் தெரியும். சேர மன்னர் ஒருவருக்குப் பெயரே களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல். களங்காய் என்பது களாக்காய்தான் என்பார்கள். அதைத் தொடுத்த கண்ணியைத் தலையில் சூடியவர். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தைக் காப்பியாற்றுக் காப்பியனார் அவர்மீது பாடினார். அரசர் தலையில் இருந்த காய் இன்று சாக்கு மேல் கூறாகக் கிடக்கிறது. அதையும் வாங்க ஆள் இல்லாவிட்டால் பறித்து வருபவர்கள் அடுத்த வருடம் வர மாட்டார்கள்.

இறக்குமதிச் சாறு வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு

புளிப்புச் செர்ரிச் சாறும் உலர்ந்த செர்ரியும் இப்போது பெரிய கடைகளிலும் ஆன்லைனிலும் வருகின்றன. வாங்குமுன் பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். பொருள் பட்டியலில் முதலில் சர்க்கரையோ, ஆப்பிள், திராட்சைச் சாறோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். உலர்ந்த செர்ரியில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். தூக்கத்துக்காகக் குடிப்பதானால் இரண்டு வாரம் பாருங்கள். பலன் தெரியாவிட்டால் அந்தக் காசில் பழக்கூடைக்காரரிடம் நாவலும் நெல்லியும் களாவும் வாங்குங்கள்.

ஜாடியில் அடைத்த எதன் மேலும் என்ன, எந்தத் தேதியில் போட்டது என்று எழுதி ஒட்டுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள். ஆவணி முடிந்தால் கூறு கட்டி விற்பவர்களிடம் களாக்காய் அரிதாகிவிடும். அடுத்தது மே மாதக் கடைசியில்தான். இந்த வாரம் சிம்மக்கல் பக்கம் போனால் அரைக் கிலோ வாங்கி, முதல் வேலையாக உப்புத் தண்ணீரில் போடுங்கள்.